திருச்செந்தூருக்கு நடக்கும் குழுக்களின் குருசாமிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருசாமிமாருக்கும், குழுக்களைக் கூட்டிச் செல்லும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

தைப்பூசத்துக்கு மாலை போடும் நாள் நெருங்குகிறது. இனி ஊருக்கு ஊர் வசூல் நோட்டு அச்சாகும். சப்பரத்துக்கு வண்டி பேசுவீர்கள். மைக் செட்டுக்கு முன்பணம் போகும். அன்னதானத்து அரிசி மூட்டை யார் பொறுப்பு, காய்கறி யார் பொறுப்பு என்று முடிவாகும். அந்த வரவு செலவு நோட்டில், இருட்டில் நடப்பவர்கள் வண்டிக்காரன் கண்ணில் படுவதற்கான கால்பட்டைக்கும் சிவப்பு விளக்குக்கும் என்று ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லித்தான் இந்த மடல். பெரிய தொகை இல்லை. வழிநெடுக நீங்கள் போடும் வெடிக்கு ஆகிற காசில் பாதிகூட ஆகாது.

நான் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கத்து வயல்களிலிருந்து வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டு, நடுச்சாமத்துக்கு மேல் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போகிற லோடு வண்டிக்காரன். அதே சாலையில் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, வெறுங்காலோடு நடந்தவனும்கூட. தை மாதத்தில் லோடு ஏற்றிப் போகும்போது நீங்கள் எனக்கு எதிரே வருவீர்கள். இறக்கிவிட்டு விடியுமுன்னே திரும்பும்போது உங்கள் முதுகுதான் எனக்கு முன்னால் இருக்கும். எதிரே வரும்போது எப்படியோ தெரிந்துவிடுகிறீர்கள். நெற்றியில் திருநீறு, கையில் செல்போன் வெளிச்சம், ஏதோ ஒன்று. முதுகுதான் தெரிவதில்லை.

நடக்கிறவருக்கு வண்டி அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடுகிறது. கும்மிருட்டில் இரண்டு விளக்கு எரிந்துகொண்டு வந்தால் யாருக்குத்தான் தெரியாது? அதனால் ‘வண்டிக்காரனும் நம்மைப் பார்த்திருப்பான்’ என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நான் நடந்தபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் மறுபக்கம் விளங்குகிறது. டிம் வெளிச்சத்தில், கரும்பச்சை வேட்டியும் கறுத்த துண்டுமாக நடக்கிறவர் முப்பது, நாற்பது மீட்டருக்குள் வந்தபிறகுதான் ஆள் என்று பிடிபடுகிறார். அதற்கு முன்னால் அவர் ரோட்டோர உடைமர நிழலோடு நிழல்.

இப்போது வண்டிக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு நொடி. அதிலேயே 25 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் பிடித்தபிறகு, காய்ந்த தரையில், நல்ல டயரில், இன்னும் 25 மீட்டராவது இழுக்கும். ஆக 50 மீட்டருக்குக் குறையாது. வாழைத்தார் ஏற்றிய வண்டி என்றால் அதற்கும் மேல். நீங்கள் கண்ணில் படுவதே நாற்பதில். மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எதிரே ஒரு பஸ் பிரைட் லைட்டைக் குறைக்காமல் வந்தால் இந்த நாற்பதும் கிடையாது. அது கடந்துபோனபிறகு சில நொடிகள் கண்ணில் வெள்ளைத்திரைதான் நிற்கும். வயது ஏறியவர்களுக்கு அது தெளிய இன்னும் நேரமாகும். அந்த நேரத்துக்குள் வண்டி ஓடுகிற தூரத்தில் உங்கள் குழுவில் ஐந்தாறு பேர் நடந்துகொண்டிருக்கலாம்.

‘வளர்பிறைதானே, நிலா வெளிச்சம் இருக்குமே’ என்பார்கள். பூசத்தன்றைக்கு விடிய விடிய நிலா உண்டு, சரிதான். ஆனால் நீங்கள் நடப்பது பூசத்துக்கு முந்திய மூன்று நான்கு ராத்திரிகள். ஏகாதசி, துவாதசி நிலா விடிவதற்கு வெகுநேரம் முன்பே மேற்கே விழுந்துவிடும். அப்புறம் விடியும்வரை சுத்த இருட்டு. தைப்பனியும் அப்போதுதான் வயல்காட்டிலிருந்து ரோட்டில் ஏறும். டிரைவர்களுக்குக் கண் சொக்குகிற நேரமும் அதுதான். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடந்துவிடலாம் என்று நீங்கள் கால் எடுத்து வைப்பதும் அந்த நேரத்தில்தான். இந்த நாலும் ஒரே நேரத்தில் கூடுவதைப்போல ஆபத்தான முகூர்த்தம் வேறில்லை.

இனி, நான் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

குழுவைத் தனித்தனி ஆட்களாக எண்ணாமல் ஒரே வண்டியாக நினையுங்கள். எந்த வண்டிக்கும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு உண்டு. நம்மைப்போலவே இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிற நாடு பிரிட்டன். அங்கே சாலை விதிக் கையேட்டில், கூட்டமாக நடப்பவர்களுக்கென்றே தனி விதி இருக்கிறது. நடைபாதை இல்லாத இடத்தில் பெரிய கூட்டம் இடப்பக்கமாகப் போக வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் காவலாக நடக்க வேண்டும். இருட்டில் முன்னவர் வெள்ளை விளக்கும் பின்னவர் சிவப்பு விளக்கும் காட்ட வேண்டும். கூட்டத்தின் வெளி ஓரத்தில் நடப்பவர்களும் விளக்கு வைத்திருக்க வேண்டும், ஒளி திருப்பும் உடையும் போட்டிருக்க வேண்டும். இதில் நம்மால் முடியாதது என்ன இருக்கிறது? சைக்கிள் கடையில் கிடைக்கிற, பேட்டரியில் மினுக்குகிற சிவப்பு லைட்டை ஒருவர் முதுகுப் பையில் மாட்டினால் போதும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பாளையங்கோட்டை தாண்டும்வரை குழு ஒன்றாக இருக்கும். கிருஷ்ணாபுரம் வருவதற்குள் இளவட்டங்கள் முன்னால் போய்விடும். செய்துங்கநல்லூரில் பார்த்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் விழுந்திருக்கும். கருங்குளத்துக்கு அந்தப் பக்கம், கொப்புளம் உடைந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் முன்னால் விளக்கும் இல்லை, பாட்டும் இல்லை. நாங்கள் பின்னாலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படுவது அவர்தான். குழுவில் நல்ல நடை நடக்கிற, தூக்கம் வராத இரண்டு பேரை அவருக்குப் பின்னால் போடுங்கள். சிவப்பு விளக்கு அவர்கள் கையில் இருக்கட்டும். முன்னால் போகிறவர்களுக்குக் கௌரவம் அதிகம் என்று எனக்கும் தெரியும். அண்ணாச்சி, இந்த ஒரு வருடம் நீங்களே கடைசியில் நடந்து பாருங்கள். குருசாமி பின்னால் வருகிறார் என்றால் முன்னால் ஓடுகிற பையன்களும் கொஞ்சம் நிதானிப்பார்கள்.

சப்பர வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீரியல் செட்டும் போகஸ் லைட்டும் ஜெனரேட்டருமாக அது ஊரே பார்க்கிற மாதிரித்தான் போகிறது. வேல், மயில், சுற்றிச் சுற்றி ஓடுகிற கலர் பல்பு, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பிரகாசத்தால் அதைச் சுற்றி நடக்கிற ஆட்கள் இன்னும் அதிகமாக மறைந்துபோகிறார்கள். கண் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டால் பக்கத்து இருட்டு மேலும் இருட்டாகும். சிலர் போகஸ் லைட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்; பின்னால் வருகிற டிரைவருக்கு அது கண்ணில் மண் தூவுகிற வேலை. லைட்டைத் தரையைப் பார்த்துத் திருப்புங்கள், நடப்பவர்கள் காலில் விழட்டும். முடிந்தால் வண்டியையே குழுவுக்குப் பின்னால், நாலு இண்டிகேட்டரும் எரியவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். சாமி முன்னால் போகாமல் பின்னால் வரலாமா என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் காவலாக வருவதில் அவருக்கு என்ன குறை?

அடுத்தது ஸ்டிக்கர். காவல்துறையினர் வழியில் நிறுத்திப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல காரியம். ஆனால் பத்தாவது நிமிடத்தில் பனிக்குப் போர்த்திய துண்டு அதை மூடிவிடும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு பனியன் வாங்கிப் போட்டால் ராத்திரியில் தெரியும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சாயம் சூரிய வெளிச்சத்தில்தான் பளிச்சிடும். இருட்டில் அதுவும் ஒரு துணி, அவ்வளவுதான். ராத்திரிக்கு வேண்டியது வெள்ளி நிறப் பட்டை. அதில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்திருக்கும். விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது எரிகிற மாதிரித் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவருக்குச் சாதாரணப் பட்டையாக இருக்கிறது. லாரிகளுக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டியிருக்கிறார்களே, அதே வேலைதான். அதன் தயவில் 150 மீட்டருக்கு அப்பாலிருந்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

எங்கே கட்டுவது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நெஞ்சிலோ பையிலோ மட்டும் ஒட்டினால் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். கிலோமீட்டர் கல்லா, பாலத்துக் கட்டைச்சுவரில் அடித்த பட்டையா, ஆளா என்று விளங்காது. கணுக்காலில் கட்டினால் அது முன்னும் பின்னும் மாறி மாறி ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்தவுடனே மனித நடை என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது. இதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அனுபவத்தில் பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டி நடக்கிறவர்களுக்குக் கணுக்கால் மறையாது. சேலை கட்டிய அக்காமாருக்குக் கணுக்கால் மூடிவிடும், அவர்களுக்கு மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். இரண்டு இன்ச் பட்டை, காலைச் சுற்றி வந்து ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற நீளம், ஓரத்தில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தால் வருடக்கணக்கில் வரும். உங்கள் ஊரிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறவர் யாராவது ஒரு மத்தியானத்தில் எழுபது ஜோடி தைத்துவிடுவார். பின்லாந்தில் இருட்டில் ரோட்டில் நடப்பவர்கள் இப்படி ஒன்றை அணிய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நமக்குச் சட்டம் வேண்டாம். மாலை போடுகிற அன்று குருசாமி கையால் கட்டிவிட்டால், சட்டத்தைவிட அது வலுவாக நிற்கும்.

இடமா வலமா என்று கேட்பீர்கள். குழு சேர்ந்து போகிறவரை, பின்னால் சிவப்பு விளக்கோடு இடப்பக்கம். இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிட்டால் வலப்பக்கம் மாறி, ஒருவர் பின் ஒருவராக, வண்டிக்கு எதிர்முகமாக நடப்பது மேல். வருகிற வண்டியைப் பார்த்து மண்ணில் இறங்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். எங்கள் டிம் லைட் இடது ஓரத்தில்தான் தூரமாக விழும். எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்று வலப்பக்கம் தணித்து வைத்திருக்கும். நீங்கள் எங்களுக்கு எதிரே இடப்பக்கமாக வந்தால் எங்களுக்கு அது வலது ஓரம், வெளிச்சம் குறைவு. ஆகவே பட்டை முன்னாலும் தெரிய வேண்டும், பின்னாலும் தெரிய வேண்டும். காலைச் சுற்றிக் கட்டினால் இந்தக் கவலையே இல்லை.

அப்புறம், ரோட்டோரத்தில் படுக்காதீர்கள். அசதியில் பாலத்துக் கட்டையில் சாய்ந்து, காலை வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நீட்டித் தூங்குகிறவர்களை எந்த லைட்டிலும் பார்க்க முடியாது. பள்ளிக்கூட வளாகம், கோயில் மண்டபம், பெட்ரோல் பங்க் ஓரம், எங்கே படுப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அன்னதானம் போடும் அன்பர்களுக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. குழு இடப்பக்கம் வருகிறது, பந்தல் வலப்பக்கம். சுண்டலுக்கும் மோருக்கும் குழந்தை குட்டியோடு ரோட்டைக் குறுக்கே ஓடுகிறார்கள். பந்தலை நடக்கிறவர்கள் பக்கமாகவே போடுங்கள். ரோட்டில் தொட்டி வைத்து வண்டியை மறித்துப் பிரசாதம் கொடுப்பது வேண்டாம். டிரைவர் நின்று வாங்கிக்கொள்வான், பின்னால் வருகிறவனுக்கு அவன் நிற்பது தெரியாது.

நடக்கிறவர்களுக்கே எல்லாம் சொல்கிறானே என்று கோபம் வரும். வர வேண்டியதுதான். பொறுப்பு எல்லாருக்கும் உண்டு என்றாலும் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வண்டி மோதி நடந்தவர் சாகிறார். நடந்தவர் மோதி எந்த லாரி டிரைவரும் செத்ததில்லை. அதனால் கனமான வண்டி வைத்திருக்கிறவனுக்குத்தான் கனமான பங்கு.

என் கூட ஓட்டுகிற தம்பிமாருக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். பூசத்து வாரம் செய்துங்கநல்லூரிலிருந்து குரும்பூர்வரை 40-க்கு மேல் போகாதீர்கள். 40-இல் போனால் கண்ணில் பட்டதிலிருந்து முப்பது மீட்டர் சுற்றில் வண்டி நின்றுவிடும். டிம் வெளிச்சத்தில் தெரிகிற தூரமும் அதுதான். இதற்கு மேல் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் தெரியாத ரோட்டில் ஓட்டுகிறது. எதிரே வண்டி வந்தால் டிம் அடிப்பது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முன்கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். பனியும் புகையும் படிந்த கண்ணாடியில் எதிர்வெளிச்சம் பூப்பூவாகச் சிதறும். ‘நடுரோட்டில் நடந்தான், நான் என்ன செய்ய’ என்ற பேச்சு டீக்கடையில் எடுபடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு, யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது டிரைவர் கடமை என்கிறது. கூட்டம் அடிக்க வருகிற நிலை என்றால் ஒதுங்கிக்கொள், ஆனால் உடனே 108-க்கும் போலீசுக்கும் சொல். வழிப்போக்கராக உதவுகிறவர்களைக் கேஸ் என்று அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2019-இல் அது சட்டத்திலும் ஏறியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து, இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதைக் குருசாமிமாரும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. காசுக்குப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம்.

கடைசியாக அதிகாரிகள் பக்கம். நடக்கிறவர்கள் ஏன் மண்ணை விட்டு வெள்ளைக்கோட்டில் நடக்கிறார்கள் என்று ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பார்த்தால் தெரியும். ஓரத்தில் சரளையும் நெருஞ்சியும் உடைந்த பாட்டிலும். பல இடத்தில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரையடிப் பள்ளம். அதையும் தாண்டி உடைமரமும் சீமைக்கருவேலமும் கிளை நீட்டி முகத்தில் அடிக்கிறது. கொப்புளம் போட்ட காலுக்கு வழவழவென்று இருப்பது அந்த வெள்ளைப் பெயிண்ட் மட்டும்தான். பழனிச் சாலையில் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது அரசு. அதே முருகனுக்குத்தான் இங்கேயும் நடக்கிறார்கள். பாதை வரும்போது வரட்டும். இந்த வருடத்துக்குக் கேட்பது எளிது: மார்கழி முடிவதற்குள் ஓரத்து முள்ளை வெட்டி, பள்ளத்தில் மண் அடித்து, மேலே நல்ல மணல் விரித்துவிடுங்கள். கிருஷ்ணாபுரம் தாண்டினால் தூத்துக்குடி மாவட்டம் என்று இந்தப் பக்கமும், அது திருநெல்வேலிக்காரர்கள் வேலை என்று அந்தப் பக்கமும் சொல்ல வேண்டாம். 1986-இல்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள்; நடக்கிறவர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடக்கிறார்கள்.

பூசம் முடிந்தபிறகு அந்தக் கால்பட்டைகளைப் பரணில் போட்டுவிடாதீர்கள். விடியுமுன்னே பால் ஊற்றப் போகிறவர், தார் வெட்டப் போகிற வயல் ஆட்கள், மார்கழியில் கோலத்துக்கும் டிசம்பரில் மாதா கோயிலுக்கும் இருட்டிலேயே கிளம்புகிற பெண்கள், டியூஷன் முடிந்து ரோட்டோரமாகத் திரும்பும் பிள்ளைகள் என்று வருடம் முழுக்க இதே சாலையில் நடக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுங்கள். அடுத்த குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

மாலை போடுவதற்கு முன்னால் குழுக்கூட்டம் என்றைக்கு என்று சொல்லிவிட்டால், பட்டை ரோலோடு நானும் வருகிறேன். வண்டியை இருட்டில் நிறுத்தி டிம் லைட்டைப் போடுவோம். உங்களில் நாலு பேர் பட்டை கட்டியும் நாலு பேர் கட்டாமலும் எதிர்க்கோடிவரை நடந்து போங்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக என் சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நயினார்குளம் மார்க்கெட்டுக்குத் தார் லோடு ஓட்டும் தம்பி